இரண்டு விரல் சைகை

அனிசேத்தோ தட்டில் அரிசியைப் பரப்பிக் கல் பொறுக்கிக்கொண்டிருந்தார். வலக்கை விரல் ஒவ்வொன்றும் ஒவ்வொரு திசை பார்க்கும். மோதிர விரல் நடுவில் ஒடிந்து வெளியே திரும்பியிருக்கும். கியூபாவில் சியென்ஃபுவேகோஸ் பக்கத்தில் எங்கள் சர்க்கரை ஆலையின் பேஸ்பால் அணிக்குப் பதினெட்டு வருடம் குந்தி உட்கார்ந்து பந்து பிடித்தவர். பக்கத்தில் இரண்டு டப்பா. ஒன்று அவர் வீட்டுக்கு, மற்றது ஓரெஸ்தெஸுக்கு. ஓரெஸ்தெஸ் அதே அணிக்குப் பந்து வீசியவர். சர்க்கரை நோயில் கண் மங்கிவிட்டது. ரேஷன் அரிசியில் கிடக்கும் கல் அவருக்குத் தெரியாது. ஆஸ்பத்திரி நர்ஸ் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இருவரையும் நான்தான் பார்த்துக்கொண்டேன். காலையில் ஓரெஸ்தெஸுக்கு ஊசி போடப் போகும்போது டப்பாவையும் எடுத்துப்போவேன்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்தொன்பதில் ஆலைகளுக்கு இடையே நடந்த இறுதி ஆட்டம். கடைசிச் சுற்றில் ஓரெஸ்தெஸ் வீசிய பந்து அனிசேத்தோவின் கையில் பட்டுப் பின்னால் ஓடியது. எதிரணிக்காரன் ஓடி வந்து ஓட்டம் எடுத்துவிட்டான். தோற்றோம். அன்றிலிருந்து ஊர் அவரை 'ஓட்டைக் கை' என்றது. அவர் மகனைப் பள்ளியிலும் அப்படித்தான் கூப்பிட்டார்கள்.

ஒருமுறை காய்ச்சலில் கிடந்தபோது என்னிடம் சொன்னார். "ரெண்டு விரல் காட்டினேன். வளைச்சுப் போடுன்னு அர்த்தம். அவன் நேரா, வேகமா விட்டுட்டான்."

"அதை ஊர்ல சொல்லியிருக்கலாமே?"

"பிடிக்கிறவன் வீசுறவனைக் காட்டிக் குடுக்கமாட்டான். அவனே சொல்லுவான்."

அதற்காக நாற்பத்தைந்து வருடம் காத்திருந்தார்.

அரிசி பொறுக்கிய அன்று மாலை பூங்காவில் வழக்கமான பேஸ்பால் கத்தல்.

"இப்போ இருக்கிற பயலுங்க அஞ்சு சுத்து வீசினாலே தோள்ல ஐஸ் வச்சுக்கிறானுங்க," என்றார் முடிவெட்டும் பௌதிலியோ. "நம்ம ஓரெஸ்தெஸ் ஒன்பது சுத்தையும் வீசிட்டு மறுநாள் கரும்பும் வெட்டுவான்."

"ஹவானா அணிக்கு வந்திருக்கிற பையன் நூத்தம்பது கிலோமீட்டர் வேகத்துல வீசுறானே?" என்றார் ஒருவர்.

"வேகம் இருக்கு. பந்து எங்க போகுதுன்னு அவனுக்கே தெரியாது. அதைப் பிடிக்க நம்ம ஓட்டைக் கையை அனுப்புவோம்!"

எல்லோரும் சிரித்தார்கள். அனிசேத்தோவும் சிரித்தார். பிறகு ஓரெஸ்தெஸ் பக்கம் திரும்பினார். "டேய், அன்னிக்கு என்ன பந்துடா வீசின? இவங்களுக்குச் சொல்லேன்."

அவர் அப்படிக் கேட்டு நான் பார்த்ததே இல்லை.

ஓரெஸ்தெஸ் சுருட்டை வாயிலிருந்து எடுத்தார். "நீ கேட்டதைத்தான் வீசினேன். வளைச்சுத்தான் போட்டேன். பாவம்டா நீ, வெயில் கண்ணுல அடிச்சிருக்கும்."

"பெரிய மனசைப் பாத்தீங்களா?" என்றார் பௌதிலியோ. "இந்தக் காலத்துப் பயலா இருந்தா, பிடிச்சவன் மேலயே பழியைப் போட்டிருப்பான்."

அனிசேத்தோ எழுந்து வீட்டுக்கு நடந்தார்.

மறுநாள் காலை நான் போனபோது தன் வீட்டு அரிசியைப் பொறுக்கி முடித்திருந்தார். ஓரெஸ்தெஸின் டப்பாவை மூடியபடி நீட்டினார். திறந்து பார்த்தேன். கல்லும் உமியும் அப்படியே கிடந்தன.

"இது பொறுக்கலையே?"

"இல்லை. கொண்டுபோய்க் குடுங்க, நர்ஸம்மா."

ஓரெஸ்தெஸுக்கு மிஞ்சியிருந்தது நான்கு பல். போனேன். ஊசியைப் போட்டேன், பஞ்சால் அழுத்தினேன், டப்பாவை அடுப்புப் பக்கத்தில் வைத்துவிட்டு வந்தேன்.