விழாத சர்வர்

சர்வர் விழவில்லை. விழுந்துவிட்டது என்று அப்பாவிடம் பொய் சொன்னேன். இத்தனை வருடங்களாக யாரிடமும் சொல்லாததை உங்களிடம் சொல்கிறேன்.

தொண்ணூறுகளின் கடைசி. தி. நகரில் மாடிப்படிக்குக் கீழே ஒரு குட்டி அலுவலகம். அங்கே கம்ப்யூட்டரில் ஓடிய வெப் சர்வர் மென்பொருளுக்கு நான்தான் நிர்வாகி. ஆஹா, என்ன நாட்கள் அவை! மோடம் கீச்சிட்டு லைன் கிடைத்துவிட்டால் எனக்குத் தலைகால் புரியாது...

கடை கடையாக ஏறி இறங்கி அதன் பெருமையைப் பாடுவேன். ஒரே கம்ப்யூட்டரில் இருபது கடைகளுக்கு இன்டர்நெட் பக்கம் வைக்கலாம். ஷட்டரை இறக்கிய பிறகும் வெளியூர்க்காரர் உங்கள் சரக்கைப் பார்ப்பார். யார் எதைப் பார்த்தார் என்று அதுவே குறித்து வைக்கும். நான் மயிலாப்பூரில் வீட்டிலிருந்தபடியே கவனித்துக்கொள்வேன். எல்லாவற்றுக்கும் மேல், விழாது!

"விழவே விழாதா சார்? என் கடைத் தராசு மாசத்துக்கு ரெண்டு தபா மக்கர் பண்ணுது!" என்று சிரிப்பார் பாத்திரக்கடை முதலாளி.

அவரிடம் சொன்னது சத்தியம். மாதக்கணக்கில் அது நிற்காமல் ஓடியது.

வீட்டில் அப்பாவும் நானும் மட்டும்தான். அவர் தொண்டையில் ஒரு கட்டி. அன்று பதினோரு மணிக்கு அடையாறு ஆஸ்பத்திரியில் பரிசோதனை முடிவு சொல்வார்கள். அலுவலகத்திலிருந்து நேரே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தேன். பஸ் ஏறினேன். அடையாறு வந்தது... நான் இறங்கவில்லை! பெசன்ட் நகரில் இறங்கி, அப்பா கிளம்புவதற்குள் பூத்திலிருந்து வீட்டுக்குப் போன் செய்தேன்.

"சர்வர் விழுந்துடுத்துப்பா... வர முடியாது."

"அடடா! கடைக்காராள்லாம் தவிச்சுண்டிருப்பாளே! நீ அதைப் பாரு. நான் போய்க் கேட்டுண்டு வந்துடறேன்."

பயம். வேறொன்றுமில்லை. டாக்டர் வாயிலிருந்து அந்த வார்த்தையைக் கேட்க எனக்குத் தைரியமில்லை. அப்பாவுக்கு மட்டும் இருந்ததா என்ன? கொளுத்தும் வெயிலில் கடற்கரை மணலில் உட்கார்ந்திருந்தேன்.

சாயங்காலம் வீட்டுக்குள் நுழைந்தேன். மேஜைமேல் ரிப்போர்ட் இருந்தது. புற்றுநோய்தான். ஆனால் அப்பா முதலில் கேட்டது வேறு.

"சர்வர் எழுந்துடுத்தோடா?"

"எழுந்துடுத்துப்பா."

அவர் முகத்தில்தான் எத்தனை நிம்மதி!

பிறகு எத்தனையோ முறை அந்த ஆஸ்பத்திரிக்குப் போனார். எனக்கு வேலை இருக்கும் என்று ஒருமுறைகூடக் கூப்பிடவில்லை. நானும் அதைச் சௌகரியமாக எடுத்துக்கொண்டேன்... வெட்கமில்லாமல்!

கடைசி முறை நான்தான் ஆட்டோவில் அழைத்துப் போனேன். அப்போது அவருக்குக் குரல் போய்விட்டிருந்தது. காது நன்றாகவே கேட்டது. உண்மையைச் சொல்லியிருக்கலாம். வழி முழுக்க அவர் கையைப் பிடித்துக்கொண்டு வந்தேன், சொல்லவில்லை.