களத்தில் போட்ட குட்டிக்கரணம்

1981-ஆம் வருடம். ஜவ்வாது மலையில் ஓராசிரியர் பள்ளி ஒன்றில் எனக்கு முதல் வேலை. போளூரில் பஸ் ஏறி, அது நின்ற இடத்தில் இறங்கி, அதற்கப்புறம் இரண்டு மணி நேரம் நடக்கவேண்டும். எனக்கு அப்போது இருபத்திரண்டு வயது. வேலூர் டவுனில் சினிமா கொட்டகைக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன்.

ஊரில் யாரும் என்னிடம் முகம் சுளித்ததில்லை. எதிரே வந்தால் ஒதுங்கி நிற்பார்கள், கும்பிடுவார்கள், போய்விடுவார்கள். அவ்வளவுதான். சாயங்காலம் பிள்ளைகள் போய்விட்டால் மறுநாள் காலைவரை ஒரு வார்த்தை பேச ஆள் கிடையாது. கரும்பலகையைப் பார்த்து, "இன்னிக்கி இன்னா கொழம்பு?" என்று கேட்கிற நிலைக்கு வந்துவிட்டேன். வேடிக்கைக்காகச் சொல்லவில்லை, நிஜமாகவே கேட்டேன். மாறுதல் கேட்டு மனு எழுதிப் பெட்டியில் வைத்திருந்தேன்.

வகுப்பில் பதினாலு பிள்ளைகள். வாயே திறக்கமாட்டார்கள். ஒருநாள் வெறுத்துப்போய், பயிற்சிப் பள்ளியில் கற்ற ஜிம்னாஸ்டிக்ஸ் ஞாபகத்தில், வகுப்பிலேயே கையை ஊன்றித் தலைகீழாக நின்றுவிட்டேன். எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். அந்தச் சத்தத்தைக் கேட்டதும் எனக்குக் கண் கலங்கியது.

அதையே பிடித்துக்கொண்டேன். முதுகை நிமிர்த்திக் காலை நீட்டி உட்கார்ந்தால் 'ட'. மல்லாந்து படுத்துக் கையையும் காலையும் தூக்கினால் 'ப'. மூன்று குட்டிக்கரணம் போட்டு இன்னும் இரண்டு போட்டால் மொத்தம் எத்தனை? ஓடிவந்து நின்று நாடியைப் பிடித்து எண்ணினால் அறிவியல். அதுவரை தன் பெயரைக்கூடச் சொல்லாத எட்டு வயதுப் பெண் ஒருத்தி, உருண்டுகொண்டே பதினேழு வரை எண்ணினாள்.

பள்ளி வாசலோ வெறும் சரளைக்கல். பிள்ளைகள் முதுகெல்லாம் சிராய்ப்பு. அப்போதுதான் ஊர் ஓரத்தில் அந்த இடம் கண்ணில் பட்டது. வட்டமாக, வழவழப்பாக, சாணம் போட்டு மெழுகி, ஒரு பொடிக்கல் இல்லாமல். எனக்காகவே செய்துவைத்தது மாதிரி இருந்தது. பெரியவர்கள் எல்லோரும் சாமை அறுக்கப் போயிருந்தார்கள். பிள்ளைகளைக் கூட்டிப்போய் மதியம் முழுக்கக் கணக்குப் பாடம் நடத்தினேன். ஓடினார்கள், குதித்தார்கள், உருண்டார்கள்.

மறுநாள் பள்ளிக்கு ஒருவரும் வரவில்லை. அதற்கடுத்த நாளும் வரவில்லை. வருகைப் பதிவேட்டை விரித்துவைத்து, பதினாலு பெயரையும் நானே உரக்கப் படித்தேன். பதில் சொல்ல ஆளில்லாத அறையில் சொந்தக் குரலைக் கேட்பது கொடுமை. மூன்றாம் நாள் மனுவைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு மலையிறங்கக் கிளம்பினேன்.

வழியில் பார்த்தால் பதினாலு பேரும் அந்த இடத்தில்தான் இருந்தார்கள். தாய்மார்களோடு தண்ணீர் சுமந்துகொண்டும், சாணம் கரைத்துக்கொண்டும். அது சாமை அடிக்கும் களம். நாள் கணக்காக மண்ணை இடித்துக் கெட்டிப்படுத்தி, மெழுகிக் காயவிட்டிருந்த களம். நாங்கள் குதித்துக் குதித்து அங்கங்கே குழியாக்கியிருந்தோம். பக்கத்தில் அறுத்த சாமை போர் போராகக் கிடந்தது. மேலே மேகம் கட்டியிருந்தது.

என்னைப் பார்த்ததும் வேலையை நிறுத்தி, ஒதுங்கி நின்று கும்பிட்டார்கள். அப்போதும்! செத்துப்போகலாம் போலிருந்தது.

பதினேழு வரை எண்ணிய அந்தப் பெண்ணிடம், "களம்னு அன்னிக்கே சொல்லியிருக்கக் கூடாதாம்மா?" என்று கேட்டேன்.

"நீங்கதான சார் குதிக்கச் சொன்னீங்க" என்றாள்.

உடம்பை வளைத்து எழுத்து காட்டக் கற்றுக்கொடுத்த எனக்கு, வாத்தியார் செய்வது தப்பு என்று சொல்லலாம் என்பதைக் கற்றுக்கொடுக்கத் தெரியவில்லை. வெட்கமாக இருந்தது. வேட்டியை மடித்துக் கட்டி, சாணிக் கூடையைத் தூக்கப் போனேன். கால் நேராக ஈர மெழுக்கில் பதிந்தது.

அந்தப் பெண்ணின் அம்மா அதற்குமேல் பொறுக்கவில்லை.

"யோவ் சாரு, கண்ணு தெரியல உனக்கு? பட்டணத்துல இதான் படிச்சிகினு வந்தியா? சாமையில மண்ணு கலந்தா நீ வந்து பொறுக்குவியா? எட்றா கால!"

ஊரே உறைந்துபோய் நின்றது. அந்த அம்மாளும் வாயைப் பொத்திக்கொண்டார். எனக்கோ சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அந்த ஊருக்கு வந்த எட்டு மாதத்தில் முதல்முறையாக ஒருவர் என்னிடம் மனசுவிட்டுப் பேசியிருந்தார். "தப்புதாம்மா, எங்க மெழுகணும், சொல்லுங்க" என்றேன்.

சாயங்காலம் வரை மெழுகினோம். முடியும்வரை அவர் என்னைத் திட்டிக்கொண்டேதான் இருந்தார். களம் காய்ந்து சாமை அடிப்பதற்குள் மழை வந்து ஒரு போர் நனைந்துபோனது. அது என் தவறு, அந்த வருத்தம் இன்றும் இருக்கிறது. ஆனால் மறு வாரம் பிள்ளைகள் வந்தார்கள். நான் அங்கே மேலும் ஆறு வருடம் இருந்தேன்.

இப்போது ஓய்வு பெற்று டவுனில் தனியாக இருக்கிறேன். தெருவில் எல்லோரும் 'வணக்கம் சார்' என்று மரியாதையாக ஒதுங்கிப் போகிறார்கள். உரிமையோடு என்னைத் திட்ட ஓர் ஆள் இருந்த அந்தச் சாயங்காலம்தான் எனக்குக் கிடைத்த பெரிய மரியாதை என்று இப்போது தோன்றுகிறது.