கூட்டினால் எட்டு வரும் வண்டி

எங்கள் மதுரைப் பக்கத்தில் பழைய வண்டி பார்க்கச் செல்வோர், பெண் பார்க்கச் செல்வோரைக் காட்டிலும் நன்றாக உடுத்திக்கொண்டு செல்கின்றனர். பெண்ணிடமாவது நான்கு கேள்விகள் கேட்பார்கள். வண்டியின் பொறியை ஒருவரும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை.

என் தங்கையின் மகள் கீழக்குயில்குடிச் சாலையில் பாத்திர வாடகைக் கடை நடத்துகிறாள். திருமணம், காதுகுத்து, புதுமனை புகுவிழா எதுவாயினும் அண்டா, குண்டா, வாளி, கரண்டி, நாற்காலி என அனைத்தும் அவள் கடையிலிருந்து செல்லும். ஏற்றிச் செல்ல மட்டும் அவளுக்குச் சொந்த வண்டி இல்லை. வாடகை வண்டிகளை நம்பியே காலம் தள்ளிவந்தாள். சென்ற ஆவணியில் அவ்வாறு நம்பப்பட்ட வண்டி ஒன்று, விடியற்காலையில் புறவழிச்சாலையின் ஓரத்தில் தவத்தில் ஆழ்ந்துவிட்டது. ஆற்றுக்கு வடக்கே உள்ள மண்டபத்தில் சமையற்காரர்கள் அடுப்பை மூட்டிவிட்டு, அண்டா இன்றிக் கைகட்டி நின்றனர். தாலி ஏறி, அட்சதை காய்ந்து, மணமக்கள் பசியால் ஒருவரை ஒருவர் வெறுக்கத் தொடங்கிய பின்னரே இட்டலிக் கொப்பரை வந்து இறங்கியது.

மண்டபத்து மேலாளர் பேச்சில் சிக்கனமான மனிதர். "இங்க பாரும்மா, தையிலயும் இதே கூத்துன்னா நான் வேற கடையைப் பாத்துக்கிருவேன்" என்று சொல்லி முடித்துக்கொண்டார். அவள் கடைக்கு வரும் வேலையில் பெரும்பகுதி அந்த ஒரு மண்டபத்தால் வருவது. அது கைவிட்டுப் போனால் அண்டாக்களைக் கவிழ்த்து வைத்து அவற்றின்மேல் அமர்ந்திருக்க வேண்டியதுதான். எனவே தை பிறப்பதற்குள் நடுவழியில் நிற்காத சிறு சரக்குந்து ஒன்றை அவள் வாங்கியாக வேண்டும். அதை ஊரார் 'பிக்கப்' என்பர்.

அவளுடைய கணவர் ஆலையில் இரவுப் பணி பார்ப்பவர். குடும்பத்தின் முதன்மையான முடிவுகளின்போது உறங்கிக்கொண்டிருப்பது அவருடைய வழக்கம். "தம்பி பாத்துச் சொன்னாச் சரி" என்று கண்ணை மூடியவாறே ஒப்புதல் அளித்துவிட்டார். அந்தத் தம்பியே, அதாவது என் மருமகளின் கொழுந்தனே, வாங்கப்போகும் வண்டியை ஓட்டவேண்டியவர். வண்டிகளைப் பற்றி அவருக்குத் தெரியாதது எதுவும் இல்லை. அனைத்தையும் கைப்பேசிக் காணொளிகளில் கண்டு தெளிந்தவர். மூன்றாவதாக என்னையும் அழைத்தார்கள். வெற்றிலை பாக்கு மாற்ற வயது முதிர்ந்த ஒருவர் வேண்டும் என்பது வெளியில் சொன்ன காரணம். தமிழ் கற்பித்து ஓய்வுபெற்றவனுக்குப் பகலில் வேறு வேலை இராது என்பது சொல்லாத காரணம்.

முதலில் மேலூருக்குச் சென்றோம். ஊருக்கு வெளியே ஓர் உழவர் தம்முடைய வண்டியை விற்கவிருந்தார். நெல்மூட்டையும் உரமும் சுமந்து பழகிய அந்த வண்டி வேப்பமரத்தடியில் புழுதி பூசி நின்றது. அதன் அடியில் இரண்டு கோழிகள் இளைப்பாறிக்கொண்டிருந்தன. என் மருமகள் நேரே சென்று முகப்பு மூடியின்மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தாள். குளிர்ந்திருந்தது. பின்னர் சாவியைக் கேட்டாள்.

"திருப்புத்தா. காலைல இருந்து எடுக்கவே இல்ல" என்றார் உழவர்.

ஒரே திருப்பில் பொறி விழித்துக்கொண்டது. கோழிகள் மட்டுமே அதிர்ச்சியுற்றன. புகைக்குழாயின் வாயில் சற்றே கரும்புகை தோன்றி மறைந்தது. பொறி ஓடிக்கொண்டிருக்கும்போதே எண்ணெய் ஊற்றும் மூடியை அவள் திறந்து பார்த்தாள். தேய்ந்த பொறியாயின் அவ்வழியே புகை குபுகுபுவென்று வெளிவரும் என்று எனக்கு விளக்கினாள். ஒன்றும் வரவில்லை. வாடகை வண்டிகளைத் தன் கையாலேயே தள்ளித் தள்ளி, எவ்வகை வண்டி எவ்விடத்தில் நிற்கும் என்பதைக் கற்றவள் அவள்.

இவ்வளவும் நடக்கையில் கொழுந்தனார் வண்டியின் பின்புறம் குனிந்து நின்று, கைப்பேசியில் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். எண்பலகையில் உள்ள இலக்கங்களைக் கூட்டுவதற்கு அவருக்குக் கணிப்பான் தேவைப்பட்டது. நிமிர்ந்தபோது அவர் முகம் இழவு வீட்டிலிருந்து திரும்பியவர் முகம் போலிருந்தது.

"மதினி, கிளம்புவோம். கூட்டுனா எட்டு வருது."

"எட்டு வந்தா என்ன?"

"சனியோட எண்ணு மதினி. நான் இதுல உக்கார மாட்டேன்."

உழவர் சிறிதும் வருந்தவில்லை. "வந்தவுக அம்புட்டுப் பேரும் கூட்டிப் பாத்துட்டுத்தான் போனாக தம்பி. எனக்குக் கூட்டத் தெரியல, அதான் இம்புட்டு வருசம் ஓட்டிப்புட்டேன்" என்றார்.

பொறியை உருவாக்கியவன் எத்தனையோ ஆண்டு உழைத்திருப்பான். போக்குவரத்து அலுவலகத்தில் வரிசைப்படி ஓர் எண்ணை வழங்கி, அவ்வுழைப்பு முழுவதையும் ஒரே நொடியில் அழிக்க இயலும் என்பதை அன்று அறிந்தேன்.

அடுத்து, கோரிப்பாளையத்துக்கு அப்பால் பழைய வண்டிகளை நிறுத்தி விற்கும் ஒரு திடலுக்குக் கொழுந்தனார் எங்களை அழைத்துச் சென்றார். அங்கு நின்ற சரக்குந்தின் கூட்டுத்தொகை ஐந்து. அந்த ஒரு தகுதி போதாதென்று புதுவண்ணம் பூசி, முன்கண்ணாடியின் பாதியை மறைத்து ஐயப்பன் படம் ஒட்டி, இருக்கைக்குப் பட்டுத்துணி போர்த்தியிருந்தார்கள். பாதி கண்ணாடி வழியே ஓட்டுநருக்குச் சாலை எவ்வாறு தெரியும் என்று வினவினேன். படத்தில் உள்ளவர் பார்த்துக்கொள்வார் என்பது போல் தரகர் புன்னகை புரிந்தார்.

"சிங்கிள் ஓனர் ஐயா. ஒரு டாக்டரம்மா வச்சிருந்த வண்டி."

சரக்கு ஏற்றும் வண்டியில் அம்மருத்துவர் எதை ஏற்றினார் என்று கேட்க நாவெழுந்தது. நோயாளிகளை மூட்டையாகக் கட்டி ஏற்றியிருக்கலாம் என்று எண்ணி அடங்கிக்கொண்டேன்.

மருமகள் இங்கும் முகப்பு மூடியைத் தொட்டாள். தொட்ட கையை உதறினாள்.

"ஏண்ணே இம்புட்டுச் சூடா இருக்கு?"

"நீங்க வாரீகன்னு இப்பத்தான் தங்கச்சி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தேன்."

விருந்தினர் வருமுன் வீட்டைக் கூட்டுவார்கள். இவர் வண்டியைச் சூடாக்கியிருக்கிறார். குளிர்ந்த நிலையில் கிளம்ப மறுக்கும் பொறிக்கு இது ஒரு நல்ல மருத்துவம். பதிவுப் புத்தகத்தில் உள்ள பொறி எண்ணை அவள் பொறியில் தேடினாள். அந்த இடத்தில் வண்ணம் தடிமனாகப் பூசப்பட்டிருந்தது. நகத்தால் சுரண்டிப் பார்த்தபோது வேறோர் எண் தலைகாட்டிற்று.

"எஞ்சின் மாத்துனது தங்கச்சி. பழசு போச்சுன்னு நல்ல எஞ்சினாத் தூக்கி வச்சிருக்கு. புக்குல ஏத்தணும், அம்புட்டுத்தான்."

"அதை வச்சிருந்ததும் டாக்டரம்மாதானாண்ணே?" என்றாள் அவள்.

தரகர் சிரித்தார். கொழுந்தனார் சிரிக்கவில்லை. ஐந்து என்னும் எண்ணின் ஒளியில் அவர் கண்கள் கூசியிருந்தன. "ஓட்டிப் பாப்போம் மதினி, அப்புறம் பேசுங்க" என்று ஏறி அமர்ந்தார். தரகரும் உடன் ஏறி, திடலைச் சுற்றியுள்ள ஆளற்ற சாலையில் மட்டும் ஓட்டினால் போதும் என்று வழிகாட்டினார். மருமகளோ "கோரிப்பாளையம் வரைக்கும் போயிட்டு வாங்க, நாங்க நடந்து வாரோம்" என்றாள்.

பொறிகளைச் சோதிப்பதற்குக் கோரிப்பாளையம் சந்திப்பைவிடச் சிறந்த ஆய்வுக்கூடம் வேறெங்கும் இல்லை. வண்டிகள் அங்கே ஊர்வதும் நிற்பதும் நின்றே இருப்பதுமாகப் பொழுது கழியும். நாங்கள் நடந்து சென்றபோது சந்திப்பின் நடுவே எங்கள் ஐந்து நின்றிருந்தது. முன்னும் பின்னும் பேருந்துகள் ஒலியெழுப்பின. தெய்வப்படத்துக்குப் பின்னாலிருந்து கொழுந்தனார் சாவியைத் திருப்பித் திருப்பி வேர்த்துக்கொண்டிருந்தார். தரகர் இறங்கித் தள்ளினார். "மாப்ள, ஐயப்பன் மலைக்கா தள்ளிட்டுப் போறீக?" என்று, 'ஆட்டோ' எனப்படும் தானி ஒன்றின் ஓட்டுநர் கேட்டுச் சென்றார்.

அதன் பின்னரும் கொழுந்தனாரின் நம்பிக்கை தளரவில்லை. கூட்டத்தில் யாருடைய கண்ணோ பட்டுவிட்டது என்றார்.

தேநீர்க் கடையில் அவர் முகம் கழுவச் சென்ற வேளையில், மருமகள் என் பக்கம் சாய்ந்தாள்.

"மாமா, தை பொறக்க இன்னும் கொஞ்ச நாள்தான் இருக்கு. மேலூர் வண்டிய விட்டா எனக்கு வேற கெடைக்காது. நான் எஞ்சினைப் பத்திச் சொன்னா 'உங்களுக்கு என்ன தெரியும் மதினி'ங்கிறாக. நீங்க யாருக்கும் புரியாத தமிழ்ல என்னமாச்சும் சொல்லுங்க. மறுபேச்சுப் பேச மாட்டாக."

என் வாழ்நாள் முழுவதும் கற்ற மொழிக்கு இத்தகைய மதிப்பீட்டை எவரும் அளித்ததில்லை. ஆயினும் அவள் கண்களில் மண்டபத்து மேலாளர் நின்றிருந்தார். கொழுந்தனார் வந்து அமர்ந்ததும் தொண்டையைச் செருமிக்கொண்டேன்.

"தம்பி, திசைகள் எட்டு. அத்திசைகளைப் புரக்கும் காவலரும் எண்மர். கூட்டுத்தொகை எட்டாகிய ஊர்தி எத்திசை நோக்கிச் செல்லினும் அத்திசைக்குரிய காவலர் துணை நிற்பர். ஐந்தாகிய ஊர்திக்கோ ஐந்து திசைகளில் மட்டுமே காப்பு உண்டு."

கொழுந்தனார் தேநீர்க் குவளையைக் கீழே வைத்தார். "அப்ப அஞ்சுக்கு மூணு திசை மைனஸா மாமா?"

"அங்ஙனமே கொள்க."

அவர் சாலையின் பக்கம் விரலை நீட்டினார். "கோரிப்பாளையம் நம்ம நின்ன எடத்துல இருந்து தெக்கால இருக்கு. அதான் நின்னுருச்சு" என்றார்.

குளிர்ந்த பொறியும், புகையற்ற மூடியும், சந்திப்பின் நடுவே நின்ற வண்டியும் நிறுவ இயலாத உண்மையை, எந்த நூலிலும் இல்லாத என் கூற்று நிறுவிவிட்டது. இத்தனை ஆண்டு வகுப்பறையில் மெய்யானவற்றைச் சொல்லி எவரையும் நம்பவைக்க இயலாதவன் நான். மறுநாளே மேலூர் வேப்பமரத்தடியில் வெற்றிலை பாக்கு மாற்றினோம். கோழிகள் வேறு நிழல் தேடிச் சென்றன.

தையின் முதல் முகூர்த்தத்தன்று விடியலில் என்னை எழுப்பிக் கடைக்கு அழைத்துச் சென்றார்கள். 'சொன்ன வாய்' முதல் பயணத்தில் வண்டிக்குள் இருக்கவேண்டும் என்பது கொழுந்தனாரின் நிபந்தனை. கண்ணாடி முழுவதும் பனி படர்ந்திருந்தது. ஏற்றிய அண்டாக்களின் எடையில் வண்டி சற்றே தாழ்ந்து நின்றது. என் மடியில் ஒரு கட்டுக் கரண்டிகளை வைத்தார்கள். மருமகள் வெளியே நின்று சாவியைப் பிடித்திருந்த கையை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். கொழுந்தனார் எட்டுத் திசைகளையும் முறையாகக் கும்பிட்டுவிட்டுத் திருப்பினார். ஒரே திருப்பு. அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ஏறினாள்.

மண்டபத்தை அடைந்தபோது சமையற்காரர்கள் அடுப்புகூட மூட்டியிருக்கவில்லை. மேலாளர் துண்டைப் போர்த்திக்கொண்டு வெளியே வந்தார்.

"என்னம்மா, இம்புட்டு வெள்ளன?"

"இறக்கச் சொல்லுங்கண்ணே" என்றாள் அவள். "மாசிக்கும் நம்ம கடைதானே?"

"பின்ன?" என்று சொல்லிவிட்டு அவர் மீண்டும் உறங்கச் சென்றார்.

அண்டாக்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அடுப்படியில் கொழுந்தனார் தலைமைச் சமையற்காரருக்கு வகுப்பெடுத்துக்கொண்டிருந்தார். "வண்டி எடுத்தா எட்டுல எடுக்கணும்ணே. நாந்தான் தேடிப் புடிச்சேன். எட்டுத் திசையும் காவலு." சமையற்காரர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தம்முடைய இருசக்கர வண்டியின் எண்ணை விரல்விட்டுக் கூட்டத் தொடங்கினார். ஆறு வந்ததாம். காப்பற்ற இரு திசைகளும் எவை, அதற்குப் பரிகாரம் யாது என்று கேட்க அவர் என்னை நோக்கி வருவதைக் கண்டதும், நான் வண்டிக்குள் ஏறிக் கதவைச் சாத்திக்கொண்டேன்.