சகலையின் கட்டை விரல்

போன ஞாயிற்றுக்கிழமை திருவள்ளூரில் எங்கள் வீட்டில் காபி கூஜாவின் திருகு மூடி இறுகிக்கொண்டது. நான் கையை நீட்டினேன். என் மனைவி என்ன செய்தாள் தெரியுமா? என்னைத் தாண்டிப் போய், விருந்துக்கு வந்திருந்த தன் தங்கை புருஷன் முனிரத்தினத்திடம் கொடுத்தாள்!

"தம்பி, நீ தொற. உங்கண்ணன் தொறக்கிறதுக்குள்ள காபி ஆறி மோராயிடும்."

ஒரே திருகு. திறந்துவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது... காபி குடித்தும் அணையவில்லை.

எங்கள் பக்கத்தில் மாட்டைப் பிடிக்கும்போது கயிற்றைக் கட்டை விரலில் ஒரு சுற்று சுற்றிக்கொள்வோம். பிடி நழுவாதாம்! மாடு மிரண்டால்? கயிறு போகும், விரலையும் கூட்டிக்கொண்டு போகும். சில வருஷம் முன்பு எனக்கு அப்படித்தான் ஆயிற்று. எண்ணெய்க் கட்டு போட்டார்கள். வீக்கம் வடிந்தது. விரல் மட்டும் இன்றைக்கும் கழன்ற கீல் மாதிரி ஆடுகிறது. பூட்டில் சாவி திருக வராது.

இந்த மாட்டுப் பொங்கலன்று பொதட்டூர்பேட்டையில் முனிரத்தினத்துக்கும் அதே கதி. அவனுக்கு ஏர் பிடிக்கிற கை. விரல் நிற்காவிட்டால் நிலத்தை வாரத்துக்கு விட்டு, விளைச்சலில் பங்கு வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். மறுநாளே பட்டணத்துக்கு ரயிலேறினான். எலும்போடு எலும்பைக் கட்டி வைத்திருக்கும் நார் அறுந்து விலகி நிற்கிறது, மேலே எத்தனை கட்டு போட்டாலும் உள்ளே ஒட்டாது என்றாராம் டாக்டர். ஆபரேஷன் செய்து, நாரை இழுத்து எலும்போடு தைத்து, மாவுக்கட்டு போட்டு அனுப்பினார்.

அப்புறம் நடந்த உபசாரம் இருக்கிறதே! மாமியார் சோற்றைப் பிசைந்து ஊட்டாத குறை. எனக்கு அடிபட்டபோது? "பாத்துப் புடிக்கக் கூடாதா?" என்ற ஒரே கேள்விதான்.

கட்டுப் பிரித்தாயிற்று. இப்போது ஏரும் பிடிக்கிறான். என் வீட்டுக் கூஜாவும் திறக்கிறான்.

பொறுக்க முடியாமல் கேட்டேவிட்டேன். "இன்னா சகல, உனக்கு மட்டும் தங்க நூல் போட்டுத் தச்சாரா டாக்டரு?"

"அட, நீ ஒண்ணு! எண்ணெய்க் கட்டே போதும், ஆபரேசன்லாம் வாணாம்னு குந்திகினு இருந்தாரு எங்க நைனா. 'சகல வெரல பாத்தியா நைனா?'ன்னேன். அவ்ளோதான். எந்திரிச்சிப் போய் ரயிலுக்கு டப்பு எடுத்தாந்தாரு."

கூஜாவைக் கீழே வைத்துவிட்டு என் கோணல் விரலை ஒருதரம் பார்த்தான். சிரிக்கவில்லை.

ஆக, அந்த விரலில் பாதி எனக்குச் சொந்தம். பொறாமையா? அது முழுசாகவே என்னுடையது!