கோமதியை ‘ஏட்டி’ என்று கூப்பிடுகிறவர்

மூன்று உலகத்திலும் சாமியை அதட்டி வேலை வாங்கத் தெரிந்த ஒரே மனிதர் எங்கள் வெள்ளத்துரை அண்ணாச்சிதான். காலையில் அவர் கம்ப்ரசரைப் போடாவிட்டால் சங்கரன்கோவிலில் சூரியனுக்கே காற்று ஏறாது. மேகம்கூட முதலில் அவருடைய பஞ்சர் கடை வாசலில் நின்று, “அண்ணாச்சி, இறங்கட்டுமா?” என்று கேட்டுவிட்டுத்தான் திருவேங்கடம் ஊர்ப்பக்கத்துக் கரிசல்காட்டுக்குப் போகும். இது என் கற்பனை இல்லை. அவர் பேச்சைப் பத்து நிமிடம் கேட்டால் யாரும் இப்படித்தான் நம்ப வேண்டிவரும்.

டியூப்பைத் தண்ணீருக்குள் அமுக்கியபடி, சுவரில் தொங்கும் கோமதி அம்மன் படத்தோடு பேசுவார். “ஏட்டி கோமதி, எங்கன ஓட்டை? வாயத் தொறந்து சொல்லேன்.” குமிழி வந்ததும், “ம்ம், அங்கனயா? இத மொதல்லயே சொன்னா கொறஞ்சா போயிருவ?” ஊரே தாயே என்று உருகி நிற்கும் தெய்வத்தை, பள்ளிக்கூடம் போக அடம்பிடிக்கும் பிள்ளையை மிரட்டுவதுபோல மிரட்டுவார். கோயில் புற்றுமண்ணைக் குழைத்துத் தன் நெற்றியில் பூசியது போக மிச்சத்தைக் கம்ப்ரசருக்கும் பூசுவார். அந்தக் கம்ப்ரசர் அதற்கு நன்றியாக ஒருநாள்கூட ஒழுங்காக ஓடியது கிடையாது.

ஓட்டை அடைக்கும் நேரத்தைவிட அம்மனோடு வாதாடும் நேரம்தான் அதிகம். புளியங்குடிக்கு எலுமிச்சை மூட்டையோடு போகிறவர்கள் வெயிலில் நின்று, “அண்ணாச்சி, மொதல்ல ஒட்டுங்க, சண்டைய அப்புறம் வச்சுக்கிடலாம்” என்று கெஞ்சுவார்கள். அவர் காதில் விழாது. பெரிய இடத்துப் பேச்சு நடக்கிறதல்லவா!

அம்மனோடு அப்படி என்ன உறவு என்று கேட்டுவிட்டால் போச்சு. பரம்பரைக் கதை தொடங்கிவிடும். “எங்க தாத்தா இதே எடத்துல மாட்டுவண்டிச் சக்கரத்துக்குப் பட்டை கட்டுனாரு. அவருக்கு அவ ஆத்தா. எங்கப்பா சைக்கிளுக்குக் காத்தடிச்சாரு. அவருக்கு அக்கா. நான் டூவீலரு பாக்கேன். எனக்கு அவ மக. சக்கரம் மாறிட்டு, கூப்புடுத ஆளு மாறிட்டான். திரும்பிப் பாக்கவ அதே ஒருத்திதாம்லே.”

“அடுத்தாப்ல யாரு அண்ணாச்சி? அவங்க கோமதிய என்ன சொல்லிக் கூப்புடணும்?” என்று, அந்தக் கடையிலேயே பொழுதைக் கழிக்கும் நான் ஒருநாள் சும்மா கிண்டினேன். ஓட்டையே இல்லாத இடத்தில் உப்புத்தாளைப் போட்டுத் தேய்க்க ஆரம்பித்தார்.

விஷயம் இதுதான். அவருக்கு ஒரே மகள், இசக்கிச்செல்வி. பிடித்த பையனைக் கட்டிக்கொண்டு திருப்பூருக்குப் போய்விட்டாள். வேறு சாதி ஆட்கள் வீட்டுப் பையன். மூன்று வருடமாக மகளோடு ஒரு வார்த்தை கிடையாது. சுவரில் தொங்கும் மகளோடு பொழுதெல்லாம் பேசுகிறவருக்கு, போனில் கூப்பிட்டால் ‘அப்பா’ என்று சொல்லக்கூடிய மகளோடு வாய் வராது. இதற்குப் பெயர் கௌரவமாம்.

இந்த ஆடியில் அவர் மனைவி பேச்சித்தாய் கடைக்கே வந்து நின்றார். “செல்வி பிள்ளைக்கு இங்க வச்சு மொட்ட போடணுமாம். ஆடித் தவசுத் திருவிழாவுக்கு வரவான்னு கேக்கா. உங்க வாயால ஒண்ணு சொல்லுங்க. இப்பவும் வேண்டாம்னா, இனிமே கேக்கவே மாட்டாளாம்.”

அண்ணாச்சி படத்தைக் காட்டினார். “நான் யாரு சொல்ல? இவ சொல்லட்டும். பூக் கட்டிப் பாப்போம்.”

வெள்ளைப் பூவை ஒரு பொட்டலத்திலும் சிவப்புப் பூவை இன்னொன்றிலும் மடித்துச் சாமி முன்னால் போட வேண்டும். சின்னப்பிள்ளை ஒன்றை எடுக்கும். வெள்ளை வந்தால் சாமிக்குச் சம்மதம். சிவப்பு வந்தால் இல்லை. பெரிய வீராப்பெல்லாம் கடைசியில் இவ்வளவுதான். மூன்று தலைமுறைப் பழக்கம் என்று ஊரையே அறுத்தவருக்கு, மகள் விஷயம் என்றதும் அம்மனின் லைன் கிடைக்கவில்லை.

அவர் கையெல்லாம் பஞ்சர் பசை. அரளிப்பூ இரண்டையும் என்னிடம் நீட்டினார். “ஏலே, நீ மடி. ஒருத்தர் கண்ணுலயும் படக்கூடாது.” பிறகு படத்தைப் பார்த்துக் கண்ணை மூடிக்கொண்டார். பேச்சித்தாயும் மூடிக்கொண்டார். நான் சிவப்பு அரளியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, அம்மன் படத்து மாலையிலிருந்து இன்னொரு வெள்ளையைக் கிள்ளி மடித்தேன். கோமதி பார்த்துக்கொண்டுதான் இருந்தாள். ஒன்றும் சொல்லவில்லை.

ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டக் காத்திருந்த முகம்மது மைதீனின் சின்ன மகள் பாத்திமா ஹனாவைப் பொட்டலம் எடுக்கக் கூப்பிட்டோம்.

“என்ன அண்ணாச்சி, உங்க சாமிகிட்டக் கேக்க எம்புள்ளையா?”

“சின்னப்புள்ளைக்கு ஏது வே உங்க சாமி எங்க சாமி?”

“அதுஞ்சரிதான். ஆனா பெத்த மவளக் கூப்புட போனு போதுமே, பூவு எதுக்கு?”

“நீரு உம்ம வண்டியப் பாரும்.”

ஹனா குனிந்து, ஒரே அள்ளாக இரண்டு பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டாள். “எனக்கு ரெண்டும் வேணும்!” நான் அவசரமாகக் குறுக்கே பாய்ந்தேன். மைதீன் கெஞ்சி, ஒன்றைக் கீழே போட வைத்தார். கையில் இருந்ததைப் பிரித்தாள். வெள்ளை.

பேச்சித்தாய் அழுதுகொண்டே நம்பரை அழுத்திப் போனை அவர் காதில் வைத்தார். அம்மனிடம் அத்தனை அதிகாரம் செய்யும் வாய் வெறும் காற்றைத்தான் விட்டது. அந்தப் பக்கம் “அப்பா... அப்பா...” என்று கேட்டுக்கொண்டே இருந்தது. கடைசியில், “தவசுக்கு முந்துன நாளே வந்துருங்க. அன்னைக்குன்னா கூட்டத்துல பிள்ளையத் தூக்கிட்டு நிக்க முடியாது” என்றார். பிறகு, “அவரையும் கூட்டிட்டு வா.” மூன்று வருடத்துக் கௌரவம் பஸ் விவரம் சொல்வதுபோல முடிந்துபோனது.

மைதீன் மகளைத் தூக்கிக்கொண்டு டீ குடிக்கப் போனார். பேச்சித்தாய் போனோடு ரோட்டுக்கு நகர்ந்தார். கீழே கிடந்த மற்றப் பொட்டலத்தை எடுக்க நான் கையை நீட்டினேன். அதன்மேல் அண்ணாச்சியின் கால் வந்து உட்கார்ந்தது.

“ஏலே, நேர்மையா மடிக்கதுக்கு ஆளு வேணும்னா அந்தா மைதீன் நின்னாரு. உன்ட்ட ஏம்லே குடுத்தேன்?”

நான் தண்ணீர்ச் சட்டியைப் பார்த்தேன்.

“கோமதிக்கு எங்க தாத்தா காலத்துலயே சொந்தமாக் கை கெடையாது. இங்கன நிக்கிற களவாணிப் பயலுவ கையத்தான் இரவல் வாங்குவா.”

சொல்லிவிட்டு என் சட்டைப் பைக்குள் இரண்டு விரலை விட்டு, கசங்கிய சிவப்பு அரளியை வெளியே எடுத்தார். அதைத் தன் வேட்டியில் ஒருமுறை துடைத்தார். பின்பு எக்கி நின்று, அம்மனின் வெள்ளை மாலையில் நான் கிள்ளிய இடத்தில் செருகி வைத்தார்.