முந்நூறு மீட்டர் கடிகாரம்

கடலூர் துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் ப்ரொப்பல்லரில் வலை சுற்றிக் கிடக்கிறது. அதை அறுத்தெடுக்க சலீம் பாய் இறங்கப் போகிறார். இடுப்பில் கயிறு, கையில் காற்றுக்குழாய். மேலே குழாய்க்குக் காற்று அனுப்பும் கம்ப்ரசரைப் பார்த்துக்கொள்வது அவர் மச்சான்.

வேடிக்கை பார்க்க நிற்கும் என் கையில் இருப்பது முந்நூறு மீட்டர் ஆழம் தாங்கும் என்று சொல்லி விற்ற கடிகாரம். பேட்டரி இல்லை, கை அசைவிலேயே ஓடும். வாங்கி நாலு வருடமாகிறது. மழை வந்தால் கழற்றிவிடுவேன். ஒருமுறையாவது உப்புத்தண்ணீரைப் பார்க்கட்டும் என்று கழற்றி நீட்டுகிறேன்.

“கட்டிக்கிட்டு எறங்குங்க பாய்.”

“கீழ ஒரே சேறு சார். என் கையே எனக்குத் தெரியாது, இதுல எங்க மணி பாக்குறது? மேல கயிறு புடிக்கிறவருக்குதான் கடிகாரம் வேணும்.”

கடிகார முகப்பைச் சுற்றியுள்ள வளையத்தைத் திருகி, அதிலுள்ள முக்கோணக் குறியை நிமிட முள்ளுக்கு நேராக வைத்து, என் கையிலேயே திருப்பி மாட்டிவிடுகிறார். கயிற்றையும் கொடுக்கிறார்.

“பத்து நிமிஷம் ஆச்சுன்னா ரெண்டு தடவ இழுங்க.”

“இது தினமும் கொஞ்சம் பிந்தும் பாய்.”

“பத்து நிமிஷத்துல என்னா பிந்திடப் போவுது?”

மூழ்கிவிட்டார். இரண்டு ஆள் ஆழம் இருந்தாலே அதிகம். முந்நூறு மீட்டரை எதற்கு வாங்கினேன் என்று எனக்கே புரியவில்லை.

“எவ்ளோ ஆச்சு சார்?” என்கிறார் மச்சான்.

கை தானாகச் செல்போனைத் தேடிப் பைக்குள் போகிறது. பாதியில் நிறுத்தி மணிக்கட்டைப் பார்க்கிறேன்.

“எட்டு.”

இந்தக் கடிகாரத்தைப் பார்த்து நான் ஒருவருக்குச் சொல்லும் முதல் நேரம். சரியாகத்தான் சொன்னேனா என்று மறுபடி பார்க்கிறேன்.