மஞ்சள் கம்பியில் ஏறிய பாரம்

கம்யூனிஸ்டுகளை அடக்க வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த அவசரகாலத்தில் எத்தனையோ பேரை எத்தனையோ காரணம் சொல்லி இந்தியாவுக்குக் கப்பலேற்றினார்கள். என் அப்பாவைக் கப்பலேற்றியதற்குக் காரணம், மூன்று கம்பிகளுக்கு மின்சாரத்தைப் பங்கிட அவர் போட்ட ஒரு கணக்கு. இதை யாரிடம் சொன்னாலும் நம்ப மாட்டார்கள். அன்றைக்குத் தோட்ட ஆபீசில் இருந்தவர்களும் நம்பவில்லை.

சுங்கை ஊடாங்கிலிருந்து உள்ளே தள்ளி இருந்த ரப்பர்த் தோட்டத்தில் அப்பா வயர்மேன். காட்டிலிருந்த கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போய்விடக் கூடாது என்று தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் லயத்தைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டிருந்தார்கள். பொழுது சாய்ந்ததும் வேலி நெடுக விளக்கு எரிய வேண்டும் என்பது பட்டாளத்தின் உத்தரவு. இஞ்சின் வீட்டிலிருந்து சிவப்பு, மஞ்சள், நீலம் என்று மூன்று கம்பிகள் புறப்படும். துரை பங்களா சிவப்பில், லயத்து வீடுகள் மஞ்சளில், கோயிலும் ஆஸ்பத்திரியும் நீலத்தில். வேலி விளக்குகளை மட்டும் அப்பா பூத்தொடுப்பதுபோல மூன்றிலும் மாற்றி மாற்றிக் கொடுத்திருந்தார். ஒரு கம்பி போனாலும் மற்ற இரண்டின் விளக்குகள் எரியும், வேலி இருட்டாகாது.

“மூணும் ஒரே பாரம் தூக்கணும்லா. ஒருத்தன் மேலயே ஏத்துனா அவன் படுத்துருவான்” என்பார். சாப்பிடும்போதும் இதே பேச்சுதான். அம்மா ரசத்தை ஊற்றி வாயடைப்பாள்.

அந்த வருஷம் மாரியம்மன் திருவிழாவுக்குக் கோயிலடியில் அலங்கார வளைவு வைத்து, பல்புகளாக மாட்டித் தள்ளினார்கள். நீலக் கம்பி நிறைந்துவிட்டது. பங்களாவுக்குப் புதிதாக ஐஸ் பெட்டி வந்ததில் சிவப்பும் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. மிச்சம் மஞ்சள்தான். ஊர்வலத்தன்று மாலை சனமெல்லாம் கோயிலில் இருக்கும், லயத்து வீடுகள் பூட்டிக் கிடக்கும், மஞ்சளில் பாரமே இருக்காது என்று அப்பா கணக்குப் போட்டார். அந்த ஒரு மாலைக்கு மட்டும் மேற்கு வேலியின் விளக்குகள் அத்தனையையும் மஞ்சளுக்கு மாற்றினார்.

மத்தியானம் அடுப்படிக்கு வந்து அம்மாவிடம் சொன்னார். “எல்லா வீட்லயும் சொல்லிரு. கோயிலுக்கு வரும்போது பல்ப அணைச்சிட்டு வரணும். மொத்தமும் எரிஞ்சா கம்பி தாங்காது.” அம்மா “உம்” என்றாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து தேங்காய்ச் சில்லைக் கடித்துக்கொண்டிருந்தேன்.

ஆத்தா வலம் வரும் நாளில் வீட்டை இருட்டாக்கிவிட்டுக் கிளம்புங்கள் என்று எந்தப் பெண் இன்னொரு பெண்ணிடம் போய்ச் சொல்வாள்? வாய்க்கு வந்தபடி ஏசியிருப்பார்கள். இஞ்சினைப் பற்றி அவ்வளவு தெரிந்த அப்பாவுக்கு இது தெரியாமல் போனது. அம்மா ஒருத்தரிடமும் சொல்லவில்லை. எங்கள் வீட்டு பல்பையும் எரியவிட்டுத்தான் கதவைச் சாத்தினாள்.

தேர் கிளம்பிச் சற்று நேரத்தில் மஞ்சளின் பியூஸ் போயிற்று. லயம் இருண்டது, மேற்கு வேலி ஒரு விளக்குக்கூட மிச்சமில்லாமல் இருண்டது. கோயில் மட்டும் ஜெகஜோதியாக எரிந்தது. அப்பா இஞ்சின் வீட்டுக்கு ஓடிப் பியூஸ் மாற்றினார். உடனே அதுவும் போயிற்று. பிறகு கம்பம் ஏறி வீடுகளை மொத்தமாகத் துண்டித்த பிறகுதான் வேலிக்கு வெளிச்சம் வந்தது.

மறுநாள் காலை மேற்கு வேலியில் ஓர் ஆள் நுழையும் அளவுக்குக் கம்பி அறுபட்டிருந்தது. தோட்டத்துக் கடையில் அரிசி மூட்டைகளைக் காணவில்லை. யார் செய்தார்கள் என்பது இன்றுவரை தெரியாது.

எங்களையும் ஆபீசுக்கு அழைத்துப் போனார்கள். தம்பி அம்மாவின் இடுப்பில், நான் அவள் முந்தானையில். பட்டாளத்து வெள்ளைக்காரர் கேட்டதை ஆபீஸ் கணக்கெழுதும் யாழ்ப்பாணத்துப் பெரிய கிராணி தமிழில் சொன்னார்.

“ஒரு பக்கத்தை முழுக்க ஏன் ஒரே கம்பியில போட்டனீர் எண்டு கேக்கிறார்.”

அப்பா விளக்கினார். கோயில் பாரம், ஐஸ் பெட்டி, பூட்டிக் கிடக்கும் வீடுகள், எல்லாவற்றையும் சொன்னார். வெள்ளைக்காரர் பொறுமையாகவே கேட்டார்.

“விளக்கை அணைக்கச் சொல்லி வீடுகளுக்குச் சொன்னனீரோ?”

“பொஞ்சாதிகிட்ட சொல்லி விட்டேங்க.”

எல்லோரும் அம்மாவைப் பார்த்தார்கள். வாசலில் லாரி நின்றது, அதில் ஏற்கெனவே இரண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அம்மா தம்பியை இறுக்கிக்கொண்டாள்.

“எங்கிட்ட ஒண்ணும் சொல்லலீங்க.”

அப்பா அவளைப் பார்த்தார். தம்பியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு கிராணியிடம், “ஆமாங்க, சொல்ல மறந்துட்டேன்” என்றார்.

அந்த லாரியிலேயே அவரை ஏற்றினார்கள். அதற்குப் பிறகு நாங்கள் அவரைப் பார்க்கவே இல்லை. சொன்னார் என்று அம்மா ஒப்புக்கொண்டிருந்தால் அடுத்த கேள்வி அவளுக்குத்தான், அடுத்த இடமும் அந்த லாரியில்தான். அது அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது.

அன்றைக்கு எனக்கு இது விளங்கவில்லை. அடுப்படியில் அத்தனை தெளிவாகச் சொன்ன பேச்சு, சொன்னவருக்கும் மறந்துவிட்டது, கேட்டவளுக்கும் மறந்துவிட்டது. பெரியவர்களுக்கு இவ்வளவு மறதியா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.